நிலவு நண்டு

மதியம் பன்னிரண்டு மணிக்கு வானத்தில் முழுநிலவு நிற்கிறது. மார்கழியில் இந்த வடநோர்வே ஊரில் சூரியன் எட்டியும் பார்ப்பதில்லை. நிலவோ சில நாள்கள் மறையாமல் சுற்றிச்சுற்றி வரும். இது என் இரண்டாவது குளிர்காலம். நண்டுத் தொழிற்சாலையின் ஜன்னலில் அந்த நிலவைக் காணும்போதெல்லாம், நாள்களை எங்கோ பிழையாக எண்ணிவிட்டேன் என்பதுபோல ஒரு களைப்பு வருகிறது.

இங்கே வருவது ராஜநண்டு. கால்களை விரித்தால் எங்கள் வீட்டில் உட்காரும் கதிரையை மூடிவிடும். உடம்பெல்லாம் முள். இந்தப் பனிக்கடலுக்கே அது சொந்தமில்லை, பசிபிக் பக்கமிருந்து யாரோ கொண்டுவந்து விட்டார்களாம். அதனிடம் ஒருவரும் விசா கேட்கவில்லை. அதன் காலை அமுக்கிப் பார்ப்பதுதான் என் வேலை. இறுக்கமாக இருந்தால் சதை. அமுங்கினால் சதையில்லாத வெறுங்கோது, தள்ளிவிட வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் நிரந்தர வேலைக் கடிதம் தருவார்கள். அது கையில் இருந்தால்தான் ஊரில், சாம்பல்தீவில் இருக்கும் என் கணவர் சிவத்தை இங்கே கூப்பிட விண்ணப்பிக்கலாம். அந்த ஆறாவது மாதத்தில்தான் கெடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் நிலவுக் காலத்தில் நண்டு வாங்க மாட்டார்கள், உள்ளே சதை இருக்காது என்பார்கள். கல்யாணமான புதிதில் ஒரு பௌர்ணமியன்று நண்டுக்கறி வேண்டுமென்று கேட்டேன். "நிலவு நண்டில என்ன கிடக்கு? கோதைத்தான் சூப்பவேணும். அமாவாசை வரட்டும்," என்றார் சிவம். நண்டுவலை போடுகிறவர் சொன்னால் சரிதானே. அவர் கொண்டுவந்த நண்டுகளை அமுக்கி அமுக்கியே என் விரல்களும் நிலவுக்குப் பழகிவிட்டன.

அன்று ஜன்னலில் முழுநிலவு. எடுத்த நண்டெல்லாம் எனக்குக் கோதாகவே பட்டது. மதியத்துக்குள் நாலு பெட்டி தள்ளிவிட்டேன். மேற்பார்வையாளர் மாரித், பேச்சுக் குறைந்த மனுசி, அதில் மூன்று நண்டை எடுத்து வெட்டிப் பார்த்தாள். உள்ளே வெள்ளைச் சதை முட்டிக்கொண்டிருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். என் அரைகுறை நோர்வே மொழியில் அமாவாசையும் பௌர்ணமியும் எங்கே வரும்? ஜன்னலைக் காட்டி, நிலவு என்ற பொருளில் "மோனன்" என்றேன். அவளும் எட்டிப் பார்த்து, "ஆமாம், இன்று அழகாகத்தான் இருக்கிறது," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தவள், களைத்துப் போயிருக்கிறாய், இன்னும் ஆறு மாதம் பழகு, அதன்பிறகு கடிதத்தைப் பற்றிப் பேசுவோம் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். யாரோடு கோபிப்பது?

இரண்டு மணிக்கு, இடைவேளையில் சிவத்துக்கு அழைத்தேன். ஊரில் அப்போது மாலை ஆறரை. நிலவென்று வலை போடாமல் கடற்கரையில் நின்றார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"நிலவெண்டோ தள்ளினனீர்?"

"ஓம்."

அவர் வேறு கதை எடுத்தார். "அங்க வரேக்க வித்திட்டு வருவம் எண்டு வள்ளத்தை ஒராளுக்குக் காட்டினனான். தையில எடுக்கிறன் எண்டவர். உமக்குப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். இப்ப என்ன செய்ய? குடுக்கட்டோ, வச்சிருக்கட்டோ?"

"வச்சிருங்கோ," என்றேன். யோசிக்கவே இல்லை.

கடிதம் தள்ளிப்போன பயத்தில் சொல்கிறேன் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். எனக்கோ, சொன்ன கையோடு நெஞ்சு இலேசானது. அவரைக் கூப்பிடத்தான் இத்தனை நாளாக இந்த நாற்றத்துக்குள் நின்று பாடுபடுகிறேன். அப்படிப்பட்டவளுக்கு, வள்ளம் ஊரிலேயே நிற்கும் என்றதும் நிம்மதி வரலாமா? வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அப்ப மேல இழுத்து விடுறன்," என்றார். யாரையோ துணைக்குக் கூப்பிட்டார். தொலைபேசியை வைக்க மறந்துவிட்டார். மணலில் வள்ளம் உரசி ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். வாசலில் மாரித் என் கையுறைகளைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டாள். வருகிறேன் என்று கை காட்டினேன். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.