பாகூர் அருகே, ஒரே பதில் சொன்ன தெரு

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் பாகூர்ப் பக்கம் போக நேர்ந்தது. யானைக்கால் நோய்க்கான புது மாத்திரை ஒன்றை அங்குள்ள கிராமங்களில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாகச் சென்று உடல்நிலை விசாரிக்கும் கண்காணிப்பாளர்கள் ஓரிரு மாதங்களில் வேலையை விட்டுவிடுகிறார்கள். காரணம் அறிந்து எழுதித்தருவது, வழக்கறிஞரான எனக்கு இடப்பட்ட பணி. இத்தகைய வேலைக்காகக் கிராமங்களுக்குச் செல்லவிருப்போர் இதைப் படிக்கலாம்.

புதுச்சேரியிலிருந்து பாகூர் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். காலைப் பேருந்து, கட்டணம் இரண்டு ரூபாய்க்கும் குறைவு. அங்கிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வாடகை சைக்கிளில் நான்கு கிலோமீட்டர். உடன் வந்த இளைஞர் குமரன், அந்தத் தெருவுக்கு ஒரே ஆண்டில் வந்த ஐந்தாவது கண்காணிப்பாளர். சம்பளம் மாதம் முந்நூறு ரூபாய். சைக்கிள் வாடகை கைக்காசு. ஊரார் மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் இருந்தால், ஆளுக்கு இவ்வளவு என்று தமக்குச் சம்பளத்துக்கு மேல் தனிப்படி உண்டு என்றார்.

முதல் வீட்டில் நாங்கள் வாய் திறக்குமுன்பே உள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “தலவலி இல்ல, வாந்தி இல்ல, கண்ணு நல்லாத் தெரியுது.” அடுத்த வீட்டில் ஒரு முதியவர் அதே சொற்களை, அதே வரிசையில், அதே இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னார். மூன்றாவது வீட்டிலும் அதுவே. பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சிகளை நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு தெருவே அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

கடைசி வீட்டு வாசலில் அஞ்சலை என்ற பெண் உட்கார்ந்திருந்தார், நாற்பது வயதிருக்கும். சைக்கிள்களை வேலியில் சாய்த்துவிட்டு, நாங்கள் மறுபக்கம் கிணற்றோரம் வந்து நின்றோம். அவர் வேலியைப் பார்த்துச் சிரித்தார்.

“வா தம்பி. தலவலி இல்ல, வாந்தி இல்ல, கண்ணு நல்லாத் தெரியுது.”

“அக்கா, நான் இந்தாண்ட நிக்கிறேன்,” என்றார் குமரன்.

சிரிப்பு அப்படியே இருக்க, முகம் மட்டும் மெல்லத் திரும்பியது. “மாசத்துக்கு ஒரு மூஞ்சி வருது. பாத்து வெச்சி இன்னாபா பண்ணப்போறேன்?”

“எத்தினி நாளா இப்பிடி?”

“பொங்கலுக்கு முன்னாடிலருந்து. உனுக்கு முன்னாடி வந்த தம்பிதான் கெஞ்சுச்சு. நாங்க ஏதாச்சும் சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்களாம், அதுக்குப் படி பூடுமாம். புள்ளகுட்டிக்காரன், பாவம். தெருவே பேசி வெச்சிக்கினோம். உனுக்கும் கல்யாணம் காட்சி ஆவ வேணாமா?”

குமரன் அஞ்சலையின் அருகிலிருந்த மாத்திரைப் புட்டியை எடுத்துத் தம் பையில் போட்டுக்கொண்டார். “கெளம்புக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“அப்போ உன் படி?”

“அது கெடக்குது. கேரியர்ல ஏறி ஒக்காரு.”

அஞ்சலையின் வலக்கண் பார்வை ஓரளவு திரும்பியது, இடக்கண் திரும்பவில்லை. மாத்திரைதான் காரணம் என்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. ஆதலால் அப்படிச் சொல்லவில்லை. தனிப்படியை நீக்கிச் சம்பளத்தை உயர்த்துமாறு எழுதிக்கொடுத்தேன். குமரன் அந்த வாரமே விலகினார். ஆறாவது ஆளைத் தேடினார்கள்.

செல்வோர் கவனிக்க: பிற்பகலில் பேருந்துகள் குறைவு, குடிநீர் கொண்டுசெல்லுங்கள். எந்த வீட்டிலும் முதல் கேள்விக்கு முன்பே, ‘உங்கள் பதிலால் என் சம்பளம் குறையாது’ என்று சொல்லிவிடுங்கள். அதை உண்மையாகச் சொல்ல இயலாத வேலையென்றால், அந்த வாசலை மிதிக்காதீர்கள்.