ஐம்பத்தோராயிரத்துச் சொச்சமாவது கதவு

பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு போனை எடுத்து, "நானூத்தி நாப்பத்தி மூணு" என்று சொன்னவள் நம்பரக்கா. டாக்டர் மிரண்டு வேறு பல்லைப் பிடுங்கிவிட்டார் என்பது மட்டும் கட்டுக்கதை.

கம்ப்யூட்டர் ஒன்றுதான்; அதற்குக் கதவுகள் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். மின்னஞ்சல் ஒரு கதவில் வரும், இணையப் பக்கம் இன்னொன்றில். ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண். எந்த எண் எந்த வேலைக்கு என்று ஆபீஸ் முழுக்க அவளைத்தான் கேட்டது. கேட்டவர்கள் நிரந்தர ஊழியர்கள்; சொன்னவள் ஒன்பது வருடமாகத் தற்காலிகம். புது விதிப்படி, முந்நூறு நாள் விடாமல் வந்தால் அவளும் நிரந்தரம். மாமியாரின் முட்டி ஆபரேஷனுக்கு ஆபீஸே செலவழிக்கும்.

"உங்க ஆபீஸ் உன்ன பர்மனன்ட் ஆக்கறதுக்குள்ள நான் பர்மனன்டா போய்ச் சேந்துடுவேன்டி" என்பாள் மாமியார்.

"முட்டிய வச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் எப்படிப் போவீங்க அத்தை?"

எண் கேட்பவர்களின் தொல்லை தாங்காமல் அவள் ஒரு சின்ன இணையப் பக்கம் செய்தாள். எண்ணைத் தட்டினால் வேலை தெரியும். உலகத்துக்கெல்லாம் பொதுவான பட்டியலோடு, அந்த ஆபீஸுக்கு மட்டுமான முப்பது எண்களையும் சேர்த்திருந்தாள்.

மேலாளர் பார்த்தார். "நம்ம வீட்டுக் குப்பையெல்லாம் எதுக்கும்மா? எடுத்துடு." அந்த முப்பதையும் எடுத்துவிட்டாள்.

பிறகொரு நாள் அவருக்குப் பாதுகாப்பு ஞானம் பிறந்தது. திறந்திருக்கும் கதவுகளின் எண்களை அவள் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஐம்பத்தோராயிரத்துச் சொச்சத்துக்கு, 'யாருக்கும் ஒதுக்கப்படவில்லை' என்றது அவள் பக்கம். உடனே அந்தக் கதவை மூடி, கூட்டத்தில் கைதட்டலும் வாங்கினார்.

வாசலில் விரல் வைக்கும் மெஷின், வருகையை உள்ளே அனுப்பிய வழி அந்தக் கதவுதான். விரல் வைத்தால் மெஷின் வழக்கம்போல 'நன்றி' என்றது. உள்ளே ஒன்றும் போய்ச் சேரவில்லை. நிரந்தரக்காரர்களுக்குக் கையெழுத்து நோட்டும் உண்டு. தற்காலிகத்துக்கு விரல் மட்டும்தான்.

மாதக் கடைசியில் கிளார்க் தாளை நீட்டினார். "பத்தொன்பது நாள் ஆப்சென்ட்டும்மா."

"சார், உங்க எதிர் சீட்லதானே உக்காந்திருந்தேன்! தெனம் என் பேனாவ வாங்கித்தானே எழுதுனீங்க!"

"நான் பாத்தேன்மா. சிஸ்டம் பாக்கலையே."

அவள் தாளோடு மேலாளரிடம் போனாள்.

"சார், அந்தக் கதவ மூடினது நீங்க."

"உன் டூல் சொல்லித்தானேம்மா மூடினேன்?"

"அந்த முப்பது வரிய எடுக்கச் சொன்னது?"

"சொன்னா எடுத்துடறதா? படிச்ச பொண்ணு, கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கணும்." அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "போனது போகட்டும். கதவத் திற, அந்த வரியத் திரும்பச் சேத்துடு. முந்நூறு நாள நாளையிலேருந்து புதுசா எண்ணிக்கலாம்."

அவள் கதவைத் திறந்தாள். பக்கத்தில் ஒரு வரி எழுதினாள்: 'விரல் மெஷின். மேலாளர் மூடியதால் பத்தொன்பது நாள் வருகை போனது. மூடாதீர்கள்.'

பின்னால் நின்று படித்த மேலாளர் நடுவில் இருந்த வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார். "இது வேணுமா?"

அடுத்த முந்நூறு நாள் முடிந்ததும் அவளை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவள் அழித்தாள்.