நான்கு பேட்டரியும் ஒரு பொய்யும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சாஆ என்ற சிற்றூருக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கோழிப்பண்ணையில் நடந்தது இது.

கோழிக் கொட்டகைகளின் காற்றாடிகளை இயக்கும் கண்ட்ரோல் போர்டுகளைப் பராமரிப்பது என் வேலை. போர்டில் உள்ள சிப்பின் புரோகிராமை மாற்ற எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஒரு கைக்கருவி போதும். ஆபீஸிலேயே புதிய புரோகிராமை அதில் ஏற்றிக்கொண்டு போவேன். போர்டில் சொருகிப் பொத்தானை அழுத்தினால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். அரை நிமிட வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று காலை யோங் பெங் ஊரில் முந்தைய வேலையில் இருக்கும்போதே பேட்டரி விளக்கு சிவப்பாக மின்னியது. இன்னும் ஒரே ஒரு போர்டுதானே, தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை. இந்தப் பண்ணைக்கு வந்து, பழைய புரோகிராமை அழித்த கையோடு கருவி அணைந்துபோனது. காற்றாடிகள் அத்தனையும் நின்றன. கையால் போடும் சுவிட்சும் அந்த போர்டு வழியாகத்தான் வேலை செய்யும். மாற்று பேட்டரி என் பையில் இல்லை.

நடுப்பகல். ஜன்னலே இல்லாத மூடிய கொட்டகை. பண்ணையை நடத்திய கணவனும் மனைவியும் அந்த ஒரு கொட்டகையை நம்பித்தான் இருந்தார்கள்.

"போர்டு கெட்டுப்போச்சுக்கா, பேட்டரி இருக்கா?" என்று கத்தினேன். அந்த அக்கா ஓடிப்போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்த பேட்டரியைக் கொடுத்தார். ஒன்றுதான். எனக்கு நான்கு வேண்டும். அவர் கணவர் கதவுகளைத் திறந்துவிட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான் சாஆ கடைக்கு வண்டியை விரட்டினேன்.

திரும்பி வந்து பொத்தானை அழுத்தினேன். காற்றாடிகள் ஓடின. கொட்டகை நெடுக வெள்ளையாகக் கிடந்த கோழிகளில் அசைந்தவை கொஞ்சம்தான்.

"தம்பி, தீவன மூட்டைய போர்டு இருக்கிற பேனல் பக்கத்துல அடுக்கி வச்சேனே, அந்தச் சூட்டுலதான் போர்டு கெட்டுப்போச்சா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"இருக்கலாம்கா" என்றேன்.

"அங்க வைக்காதன்னு சொன்னேன்ல லா" என்றார் கணவர். அந்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

போன மாதம் எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் அங்கே போய் வந்தார். பேனல் பக்கம் ஒரு மூட்டைகூட வைக்க அந்த அக்கா யாரையும் விடுவதில்லையாம். அந்த அக்காவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டியதை, என் பெயர்கூடப் போடாமல் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவுதான் நான் என்பது அன்றைக்குத் தெரிந்தது, இன்றைக்கும் அது மாறவில்லை.