பலாக்கொட்டை கேட்கும் நாள்

என் தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் ஒரு பட்டன் போன் கிடக்கிறது. பேட்டரி உப்பி, பின்மூடி சரியாகப் பொருந்துவதில்லை. ஊர் மாறும்போதெல்லாம் எறிந்துவிட எடுப்பேன். மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவேன். அதில் நான் அழிக்காத ஒரு மெசேஜ் இருக்கிறது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அப்போது அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைமேல் திருப்புலி நாட்டுக்கு ஏறும் ஜீப்பில் கிளீனர். மலைக்கு மேலே போன் வைத்திருந்தவர்கள் மிகக் கொஞ்சம். அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தை வேண்டாத பெண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டார்கள். அடுத்த ஊசி நாளை மெசேஜில் ஞாபகப்படுத்துவார்கள். ஒருத்தி மட்டும் புருஷன் நம்பரைக் கொடுக்க மாட்டேன் என்றாள். அவளை ஜீப்பில் கூட்டிப் போயிருந்த என் நம்பரை அங்கிருந்த நர்ஸம்மா எழுதிக்கொண்டார். "உங்காலு ஒரு எடத்துல நிக்காதுன்னு எனக்குத் தெரியும் கண்ணு. ஊர உட்டுப் போறதுன்னா ஒரு போன் போட்டுச் சொல்லீரு. வேற நம்பர் எழுதிக்கறேன்" என்றார்.

அந்த ஒருத்தியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மூன்றும் பெண் பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்துக்கு எங்கள் ஜீப்பில்தான் கீழே இறக்கினோம். வளைவுக்கு வளைவு சீட்டிலிருந்து ரத்தம் ஒழுகி என் செருப்பு ஒட்டியது. இன்னொன்றை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். மாமியாருக்குப் பேரன் வேண்டும். ஆபரேஷனுக்கு வீட்டில் யாரும் ஒப்பவில்லை. மிளகு விற்கப் போவதாகச் சொல்லிவிட்டு அக்கா ரகசியமாக ஊசி போட்டு வந்தாள். ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு நின்றுபோனதால் நாள் கணக்கும் தவறிவிட்டது. என் போனைத்தான் நம்பியிருந்தாள்.

வாசலில் நின்று எப்படிச் சொல்வது? அவளே வழி சொன்னாள். "பலாக்கொட்ட இருக்குதான்னு கேளு தம்பி. எனக்கு வெளங்கீரும்."

முதல் முறை கேட்டது தை மாதம். மாமியார் பிடித்துக்கொண்டாள். "தை மாசத்துல பலாக்கொட்டையா? ஏஞ்சாமி, மரத்துல பிஞ்சே இன்னும் முத்தல, கொட்டைக்கு நான் எங்க போவேன்? கீழ்நாட்டு வெயிலு மண்டைக்கு ஏறிப்போச்சாட்டிருக்குது!"

அக்கா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அடுத்த வாட்டி பாக்கலாம் தம்பி" என்றாள். மறுநாள் மிளகுப் பையோடு ஜீப்பில் ஏறியவள், முதல் வளைவு தாண்டியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான்கு முறை அப்படிக் கேட்டிருப்பேன். ஊரே என்னைப் பலாக்கொட்டைக்காரன் என்றது.

பிறகு ஜீப் டிரைவரோடு ஒரு சில்லறைச் சண்டை. அன்றைக்கே போர்வெல் லாரியில் ஏறி வடக்கே போய்விட்டேன். நர்ஸம்மாவுக்குச் சொல்லவில்லை. மறந்தேன் என்று சொல்ல முடியாது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.

சத்தீஸ்கரில் ஒரு காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்த மத்தியானம், சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: இந்த வாரம் உங்கள் ஊசி நாள். கையெல்லாம் கல்மாவு. சாயங்காலம் நர்ஸம்மாவைக் கூப்பிடலாம் என்று போனைப் பைக்குள் வைத்தேன். சாயங்காலம் குழாய் சிக்கிக்கொண்டது. இரண்டு நாள் அதிலேயே போனது. அதற்கப்புறம் கூப்பிட்டால், ஏன் சொல்லாமல் போனாய் என்று திட்டுவார். எப்படியும் அவர் நேரில் போய்ச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு திட்டுக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து மலையேறிப் போனேன். மாமியார் ஓடி வந்து கையில் வெல்லக்கட்டியைத் திணித்தாள். "பேரன் பொறந்திருக்கறான் சாமி! பலாக்கொட்ட வேண்டாம், இதத் தின்னு!" அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் பையன். கர்ப்பப்பையை எடுத்துத்தான் அவளைப் பிழைக்க வைத்தார்களாம். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குடம் தூக்கிக்கொண்டிருந்தாள்.

மாமியார் உள்ளே போனதும் அக்கா மெதுவாகக் கேட்டாள். "மெசேஜு வரலையா தம்பி?"

"வரலீங்க அக்கா."

மடியிலிருந்த பையனை மறுபக்கம் மாற்றிப் படுக்க வைத்தாள். "அந்தச் சீமையில டவரு இருக்காதாட்டிருக்குது" என்றாள்.

"ஆமாங்க."

வெல்லம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது.

இப்போது அந்த மலையில் வீட்டுக்கு இரண்டு போன். என் பெட்டியில் கிடக்கும் போனை அவளிடம் கொடுத்தாலும் அந்த எழுத்தை அவளால் படிக்க முடியாது. நான்தான் போய்ப் படித்துச் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை.