முதல் சிரிப்பும் வெள்ளைக் கண்ணும்

"ஏம்மா, என் சிரிப்போட என் கண்ணும் அவனுக்குப் போயிருக்குமா?"

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது டெல்பர்ட் தன் தங்கை ரொலாண்டாவிடம் இப்படிக் கேட்டார். பக்கத்து வீட்டில் இருக்கும் நானும் அப்போது கூட நின்றேன்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் நவஹோ மக்களில், குழந்தையை முதன்முதலாகச் சிரிக்கவைப்பவர்தான் விருந்து போட வேண்டும். அவருடைய குணமே குழந்தைக்கு வரும் என்பார்கள். ரொலாண்டாவின் மகன் டேரியனைச் சிரிக்கவைத்தவர் டெல்பர்ட். கைக்குழந்தையிலேயே புற்றுநோய்க்கு வலக்கண்ணைக் கொடுத்தவர். விருந்தன்று, வழக்கப்படி, மடியிலிருந்த டேரியனின் கையால் எல்லாருக்கும் உப்புக்கல் கொடுக்கவைத்தாள் ரொலாண்டா. டெல்பர்ட் ஓரமாக நின்று, "கஞ்ச மாமனை ஆடு வெட்டவெச்சுட்டியேடா, களவாணிப் பயலே!" என்று கோமாளி ஆட்டம் ஆடினார். சுற்றி நின்றவர்கள் படமெடுத்துத் தள்ளினார்கள்.

மறுநாள் ரொலாண்டா அந்தப் படங்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் டேரியனின் வலக்கண் பாவை பால்போல வெளுத்திருந்தது. வீட்டுச் சுவரில் தொங்கும், கண் போவதற்கு முன் எடுத்த டெல்பர்ட்டின் குழந்தைப் படத்திலும் அதே கண், அதே வெளுப்பு.

டெல்பர்ட்டும் நானும் கூடவர, பிள்ளையோடு மருத்துவமனைக்குப் புறப்பட்டாள். மாமனைப் பார்த்துப் பிள்ளை சிரித்தான். "சிரிக்காத சாமி, அவரைப் பாக்காத" என்று ரொலாண்டா அவன் முகத்தைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். டெல்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்ணில் சொட்டுமருந்து விட்டார்கள். வீறிட்ட பிள்ளையின் தலையை அவளே பிடித்துக்கொண்டாள். என் உயிரை எடுத்துக்கொள், இவன் கண்ணை விட்டுவிடு என்று உதடு முணுமுணுத்தது. வெளிச்சத்தை அடித்து அடித்துப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"கட்டி இல்லம்மா. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு."

ரொலாண்டா நம்பவில்லை. "அப்ப அந்த வெள்ளை?"

டாக்டரம்மா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எல்லாத்துலயும் புள்ள இடப்பக்கமே பாக்குறானே. அங்க யாரு?"

"நான்தான்," என்றார் டெல்பர்ட். "ஆடிட்டிருந்தேன்."

"அதான். கண்ணு அப்படித் திரும்பினா, உள்ள நரம்பு தொடங்குற வெளிர் இடத்துல ஃபிளாஷ் பட்டு வெள்ளையாத் தெரியும். ஆனா கூட்டிட்டு வந்ததுதான் சரி. குடும்பத்துல ஒருத்தருக்கு அந்தப் புற்றுநோய் வந்திருக்கறதால இன்னும் சில தடவை பாத்துடலாம்."

டெல்பர்ட் சுவரோடு சரிந்து உட்கார்ந்து குலுங்கி அழுதார். ரொலாண்டா அவர் தோளில் குத்தினாள்.

"ஆட்டமா ஆடுன, அண்ணே? இன்னொரு ஆடு வெட்டு!"

எல்லா வெள்ளையும் இப்படி வெறும் வெளிச்சமாக இருந்துவிடாது; சில புற்றுநோயாகவும் இருக்கலாம். படத்தில் ஒரு குழந்தையின் கண் வெளுத்துத் தெரிந்தால், வீட்டில் உட்கார்ந்து அழாமல் உடனே டாக்டரிடம் ஓடச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கெல்லாம் இந்தக் கதையைக் கொண்டுபோங்கள்.