இயந்திரத்தின் நெற்றியில் நான் வைத்த பொட்டு

பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை போடும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆணியைக் காய்ச்சி என் மோட்டார் கடையில் நானே போட்ட ஓட்டைகள். தொப்பை குறைகிறதே என்று முதல் இரண்டுக்கும் சந்தோஷப்பட்டேன். மூன்றாவதின்போது வாயெல்லாம் வெள்ளை படிந்து, இட்லி தின்றாலும் எரிந்தது. திண்டிவனத்தில் ஒரு மருத்துவரிடம் போனேன். இரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. என்று வந்தது.

எப்படி வந்தது என்று கேட்க உங்களுக்கும் வாய் துறுதுறுக்கும். சர்க்கரை வந்தவனை யாரும் அப்படிக் குடைவதில்லை. நானும் சொல்வதாக இல்லை.

என் மனைவி செல்விக்கும் சோதித்தார்கள். அவளுக்கு இல்லை. அன்று மருத்துவமனை நடையில் நான் அழுதது அந்த நிம்மதியில்தான். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

அது ஏ.ஆர்.டி. மாத்திரை (வைரஸ் பெருகாமல் அடக்கிவைக்கும் கூட்டு மருந்து). தினமும் ஒன்று, ஒரே நேரத்தில். ஒரு வருடத்தில் பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. அப்போதுதான் செல்வி மருத்துவரிடம் நேராகக் கேட்டாள், பிள்ளை பெறலாமா என்று. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் தைரியம் இருந்தது.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். வைரல் லோடு (இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) போன முறை கண்டறிய முடியாத அளவில் இருந்தது. இந்த முறையும் அப்படியே வந்தால், மாத்திரையை ஒரு நாளும் விடாமல் இருந்தால், அவளுக்குத் தொற்றாது. தைரியமாக முயலலாம். ஆக, எங்கள் பிள்ளை ஒரு காகிதத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் எங்கள் பக்கத்து இரத்தம் சென்னைக்குப் போய், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். பிறகு ஒரு வெளிநாட்டு உதவியில் விழுப்புரத்து ஆய்வகத்துக்கே பெரிய இயந்திரம் வந்தது. குளிர்ப்பெட்டிகள் வந்தன, ஊழியர்களுக்குப் பயிற்சி வந்தது. திண்டிவனம், வானூர், திருவெண்ணெய்நல்லூர் இரத்தமெல்லாம் ஐஸில் உட்கார்ந்து அங்கே போனது. என் இரத்தம் என்னைவிட அதிகமாக ஊர் சுற்றியது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாத்திரை வாங்க விழுப்புரம் போயிருந்தேன். ஆய்வக ஊழியர் ஜெயந்தி மேடம் கூப்பிட்டார். அவர் வீட்டு போர் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்தவன் நான். "நீங்க மெஷின் ஆளு. உங்க கையாலயே பொட்டு வச்சிடுங்க" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நூறு குதிரைசக்தி மோட்டாருக்கெல்லாம் பொட்டு வைத்த கை இது. இயந்திரத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். முன்பக்கம் நடுவில், நெற்றி மாதிரி இடத்தில், சின்னக் கண்ணாடி ஒன்று மின்னியது. பொட்டுக்கென்றே விட்டுவைத்த இடம் போலிருந்தது. சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். எல்லோரும் கும்பிட்டார்கள். பொரி தந்தார்கள்.

பூஜை விடுமுறை முடிந்ததும் திண்டிவனத்தில் இரத்தம் கொடுத்தேன். ஒரு வாரமாகியும் முடிவு வரவில்லை. போன் செய்தேன். ஜெயந்தி மேடம் சலிப்போடு சொன்னார்:

"மூணு தடவ போட்டாச்சுங்க. மெஷின் எடுக்க மாட்டேங்குது."

இயந்திரமே ஒதுக்கும் அளவுக்கு இரத்தம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். நோய் வந்தவனுக்கு எல்லாக் கெட்ட செய்தியும் தனக்கென்றே வருவதாகத் தோன்றும். உங்களுக்கும் தோன்றும், நம்பாதீர்கள். செல்விதான் அதட்டினாள். "இங்க குந்திக்கினு அழுதா இன்னா தெரியும்? ஜல்தி கெளம்புங்க."

விழுப்புரத்தில் போய்ப் பார்த்தால், யாருடைய இரத்தத்தையும் அது எடுக்கவில்லை. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். குழாயில் பெயருக்குப் பதிலாகக் கோடு போட்ட சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதைப் படித்தால்தான் இயந்திரம் குழாயை உள்ளே இழுக்கும். சீட்டை மாற்றிப் பார்த்தார்களாம், கரண்டைச் சந்தேகப்பட்டார்களாம். சென்னையிலிருந்து பொறியாளர் வர வேண்டும். அதற்குள் உதவி கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று மேடம் தலையில் கைவைத்திருந்தார்.

நான் கதவோரம் நின்றே பார்த்தேன். என் பொட்டு அப்படியே இருந்தது, காய்ந்து, கல்லாக.

"மேடம், சீட்டை எது படிக்குது?"

"முன்னாடி ஒரு கண்ணாடி இருக்குமே, அதுதான்."

"அது மேலதான் நான் பொட்டு வச்சிருக்கேன்."

இயந்திரத்தைத் தினமும் துடைத்திருக்கிறார்கள். பூஜைப் பொட்டை அழிக்கக் கூடாதென்று, அதை மட்டும் பயபக்தியோடு சுற்றித் துடைத்திருக்கிறார்கள். ஜெயந்தி மேடம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை எடுத்தார். இயந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் துடைத்தார். முதல் குழாயை அது சத்தமில்லாமல் விழுங்கியது. குளிர்ப்பெட்டியில் காத்திருந்த எங்கள் எல்லோர் இரத்தமும் வரிசையில் போனது.

கண்ணாடியில் வெளிப்பொருள் படிவு என்று மேடம் அறிக்கையில் எழுதினாராம். வந்த வெள்ளைக்காரர் படித்துவிட்டு, இந்த ஊரில் தூசி அதிகமோ என்று கேட்டாராம். ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்களாம்.

என் முடிவு நான்காம் நாள் வந்தது. கண்டறிய முடியாத அளவு. காகிதத்தைச் செல்வி இரண்டு முறை படித்து, மடித்து, சேலை அடுக்குக்கு நடுவில் வைத்தாள்.

மாதவிடாய் தள்ளிப்போனதிலிருந்து பிரசவம்வரை அவளுக்கு எடுத்த ஒவ்வொரு சோதனையிலும் எச்.ஐ.வி. இல்லை என்றே வந்தது. என் காலத்தை முன்பு ஒரு சோதனையிலிருந்து அடுத்த சோதனைவரை என்று அளந்தேன். இப்போது பால் குடிக்கும் நேரம், தூங்கும் நேரம் என்று வேறொருத்தி அளக்கிறாள். உடம்பு மட்டும் பழைய உடம்பில்லை. வேளைக்கு மாத்திரை கொடுத்து, தினமும் கேட்டு நடத்த வேண்டிய உடம்பு. அதோடு எனக்கு இப்போது சண்டையில்லை.

இந்த ஆயுத பூஜைக்கும் ஜெயந்தி மேடம் கூப்பிட்டார். இயந்திரம் வைத்திருக்கும் மேசையின் காலில் பொட்டு வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் மகளைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். திருஷ்டிப் பொட்டு வைக்க மையைத் தொட்டு விரலை நீட்டினேன்.

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துங்க. கண்ணுல வச்சிடப் போறீங்க."