வெறுங்கை சாரா

ஆலைடாவின் தெருவில் ஐம்பது வயதாவது ஒருவருடைய சொந்த விஷயம் அல்ல. பிறந்தநாள் விடிகிறபோது வாசல் புல்வெளியில் ஆளுயரப் பொம்மை நிற்க வேண்டும். பைபிளின் முதிய தம்பதி பெயரில், ஆணென்றால் ஆபிரகாம், பெண்ணென்றால் சாரா. அதை நிறுத்துவது அக்கம்பக்கத்தாரின் கடமை. கல்யாணத்துக்கு வராதவர்களைக்கூட மன்னிப்பார்கள். பொம்மையை மறந்தவர்களை மன்னிக்க மாட்டார்கள். ட்வென்ட என்கிற அந்த டச்சு நாட்டுப்புறத்து ஜனங்கள் அப்படி.

இத்தனை வருஷமும் தெருவுக்கே பொம்மை செய்து கொடுத்தவள் ஆலைடாதான். மரச்சட்டம், வைக்கோல், துணியில் தைத்த தலை எல்லாம் அவள் வீட்டுக் கொட்டகையில் கிடந்தன. யார் பொம்மையின் கையில் எதை வைப்பது என்பது அவளுக்குச் சட்டென்று தோன்றிவிடும். முடிதிருத்துகிறவருக்குக் கத்தரிக்கோல். பக்கத்து வீட்டு பெரென்டின் மனைவி யானாவுக்கு டெலிபோன். கையில் இருப்பதைப் பார்த்துத்தான் தெருவே சிரிக்கும். அந்த ஆளும் சேர்ந்து சிரித்தாக வேண்டும்.

இந்த மார்ச்சில் அவளுக்கே ஐம்பது.

அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவள் கொட்டகையைப் பூட்டவில்லை. ஊர் நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்தும் கிளம்பாமல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து யாராவது வந்து சட்டத்தைத் தூக்கிப் போகட்டுமே என்றுதான். திரும்பியதும் நேரே கொட்டகைக்குப் போவாள். சட்டம் வைத்த இடத்திலேயே இருக்கும். சின்னப்பிள்ளை மாதிரி என்ன இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாளும் போய்ப் பார்த்தாள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. வலப்பக்கத்து வீடு காலி. இடப்பக்கத்து பெரென்டுக்கு மாடுகள் கன்று போடுகிற காலம். பொம்மை என்றால் ஆலைடா பார்த்துக்கொள்வாள் என்று மற்றவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. இந்தத் தடவை பொம்மை அவளுக்கு என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிறந்தநாளன்று இருள் பிரியுமுன் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். வாசலில் உறைபனி படிந்த புல் மட்டும்தான் இருந்தது. அவள் அழவில்லை. விடிந்ததும் இந்த வெறும் புல்லைத் தெருவே பார்க்கும், ஐயோ பாவம் என்னும் என்று நினைத்ததும் கதவைத் திறந்தாள். போய்ச் சட்டத்தைத் தானே தூக்கி வந்தாள்.

பொம்மைக்கு உடுத்தத் தன் நீலக் கோட்டு ஒன்றை எடுத்தாள். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் நடந்து திரியலாம் என்று என்றோ வாங்கியது. வாங்கிய வாரமே அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். படுக்கையோடு பல வருஷம் கிடந்து, போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். கோட்டின் விலைச்சீட்டுகூட இன்னும் அறுபடவில்லை.

அப்புறம் கை. டிக்கெட் சுருளை வைத்துப் பார்த்தாள். இப்போது டிக்கெட்டை இயந்திரமே துப்புகிறது, அவள் பட்டனை அழுத்துவதோடு சரி. அம்மாவின் மாத்திரைப் பெட்டியை வைத்தாள், அது அம்மாவுடையது. கரண்டி வைத்தாள். ஒற்றை ஆளுக்குச் சமைக்கிறவளுக்குக் கரண்டி என்ன பெருமை என்று அதையும் எடுத்துவிட்டாள். இத்தனை வருஷம் நான் என்னதான் செய்தேன் என்று அந்தக் குளிரில் நின்று தன்னையே கேட்டாள். கையை வெறுமையாக விட்டுவிட்டு உள்ளே போனாள்.

பத்து மணிவாக்கில் காப்பிக்கும் கேக்குக்கும் தெரு வந்தது. பெரென்டும் யானாவும் வாசலிலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாரா ஜோரா இருக்கா ஆலைடா," என்றாள் யானா. "எதிர்வீட்டு ஃபென்னா வேலையாத்தான் இருக்கும்."

"பட்டணத்துக்காரியா இருந்தாலும் முறையைக் கத்துக்கிட்டாளே," என்றான் பெரென்ட். தப்பித்தோம் என்ற நிம்மதி அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஆனா கையில ஒண்ணையும் காணோமே. பாதி வேலைதான் கத்துக்கிட்டா போல. எனக்கெல்லாம் நீ டெலிபோன் வெச்சியே."

"நீ அதைக் கீழ வெச்சாத்தானே வேற ஏதாவது வெக்கறதுக்கு," என்றான் பெரென்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆலைடாவும் சிரித்துக்கொண்டே கேக் வெட்டினாள். காலையில் புல்வெளியில் தனியாக நின்றபோதுகூட அவள் இவ்வளவு தனியாக இல்லை.

ஃபென்னா மட்டும் வரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு ஆலைடா ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். கதவைத் திறந்த ஃபென்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க, நான் வரல."

"பொம்மையை வெச்சது நீங்கதான்னு அங்க எல்லாரும் பாராட்டிக்கிட்டிருந்தாங்க."

"அப்படித்தான் நெனைப்பாங்கன்னு தெரியும். வந்தா நான் பொய் சொல்லணும், இல்ல உங்களைக் காட்டிக்குடுக்கணும்." ஃபென்னா தட்டை வாங்கிக்கொண்டாள். "காலைல தூக்கம் வராம ஜன்னல்கிட்ட நின்னேன், பார்த்துட்டேன். ஒரு கை குடுக்கலாம்னு செருப்புகூட மாட்டிட்டேன். அப்புறம், இது பக்கத்து வீட்டுக்காரங்க முறையாச்சே, நேத்து வந்தவ நான் எதுக்கு நடுவிலன்னு கதவுகிட்டயே நின்னுட்டேன்."

ஆலைடாவுக்குக் காது சுட்டது. கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கையில வெக்க எனக்கு ஒண்ணுமே தோணல ஃபென்னா. அடுத்தவங்களுக்கெல்லாம் தோணிச்சு."

"இங்க வந்து பாருங்க."

திரையில்லாத பெரிய ஜன்னல். இவ்வளவு வருஷத்தில் தன் வீட்டை இந்தப் பக்கமிருந்து நின்று பார்த்ததில்லை ஆலைடா. விடிந்ததிலிருந்து ஜன்னல் வழியே அவள் பார்த்ததெல்லாம் பொம்மையின் முதுகைத்தான். இப்போது முகம் தெரிந்தது. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி, நீலக் கோட்டுப் போட்ட ஒருத்தி நின்றாள். காற்றில் கோட்டின் ஓரம் ஆடியது.

"பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இல்ல?" என்றாள் ஃபென்னா. "பையில்ல, மூட்டையில்ல. குடுத்து வெச்சவன்னு நெனச்சேன். பொறாமையாகூட இருந்துச்சு."

"வீட்டுக்குள்ளேர்ந்து பார்த்தா அப்படித் தெரியல," என்றாள் ஆலைடா. அப்போதுதான் அழுதாள். ஃபென்னா காப்பி போட்டாள்.

சாரா ஒரு வாரமாவது நிற்பது வழக்கம். ஆலைடா அன்று மத்தியானமே வந்து கோட்டைக் கழற்றுவதை வேலிக்கு அப்பாலிருந்து பெரென்ட் பார்த்தான்.

"அதுக்குள்ளயா? தெரு என்ன சொல்லும்?"

"கோட்டு வேணும் பெரென்ட்."

"எங்க கெளம்பிட்ட?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்ப் பார்க்கறேன். அங்கேர்ந்து வேற பஸ் இருக்கும்ல."

விலைச்சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோட்டின் கைக்குள் வைக்கோல் இருந்தது, குத்தியது. அப்படியே மாட்டிக்கொண்டு சாலைக்கு இறங்கினாள்.

பெரென்ட் வெறும் சட்டத்தையும் போகிற கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். கோட்டு அவளுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. யார் வீட்டுக் கோட்டு அது, பொம்மையை நிறுத்தியது யார் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கொட்டகையில் கிடந்த சட்டம், யாரும் தூக்கிப் போகாத வாரம் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"ஆலைடா," என்று கூப்பிட்டான்.

அவள் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி ஆட்டினாள். கையில் ஒன்றும் இல்லை.